அடி எட்டாத கை

திருமலை வீதிக் கடையில்
இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.
ஒன்றுக்கு வயிற்றில் வாய்,
மற்றதற்கு உச்சந்தலையில்.

நிஃப்ராஸ், ஓட்டமாவடிப் பொடியன்,
மூச்சு விடாமல் சொன்னான்:
"முன்வாய்க்காரன் தண்ணி குறைய எடுப்பான் மிஸ்,
சீலை நூல் பிரியாது.
மேல்வாய்க்காரன் சுறுக்கா முடிப்பான்,
விலையும் நாப்பதாயிரம் கீழ.
ஒரு சொக்ஸ் மறந்தாலும்
நடுவில மூடியத் திறந்து போடலாம்.
மத்தவன் பூட்டினா பூட்டினதுதான்."

நான் கணக்குக்காரி.
கச்சேரியில் பதினாறு வருடம்
மூன்று விலைமனு இல்லாமல்
ஒரு கதிரையும் வாங்கவிட்டதில்லை.
கொப்பியின் கடைசித் தாளில் கோடு கிழித்து
எல்லாம் எழுதித்தான் வந்திருந்தேன்:
நாவற்குடாக் கிணற்றின் இரும்புக் கயர்,
மகளின் வெள்ளைச் சட்டையில் அது விடும் மஞ்சள்,
மாதக் கடைசிச் சம்பளம்போல
மெலிந்து வரும் குழாய்,
கறன்ட் போகும் நேரம், வரும் நேரம்.

"ஆரு மிஸ் உடுப்புக் கழுவுற?"

சும்மாதான் கேட்டான்.
வெளியே ஒரு காத்தான்குடி பஸ்
நீளமாக ஹோர்ன் அடித்துப் போனது.
புவிராசா சுவரில் தொங்கிய
தொலைக்காட்சிகளைப் பார்த்தார்.
பதினொன்றிலும் ஒரே மீன் நீந்தியது.

"வீட்டுக்குத்தான் தம்பி" என்றார்.

அது விடையில்லை.
ஆனால் கலியாணமான நாள்முதல்
விடையென்றுதான் அதைப் பதிந்து வருகிறேன்.

அவருக்கு நாரி எலும்பு விலகி இரண்டு வருடம்.
குனிய ஏலாது.
கரம்போட்டுக்குக் குனிவதை
நான் கணக்கில் எடுக்கவில்லை.
எனக்கு நாலடி ஒன்பதங்குலம்.

"கைய விட்டுப் பாருங்க மிஸ்."

செருப்பைக் கழற்றி, விரல் நுனியில் நின்று
மேல்வாய்க்குள் கையை விட்டேன்.
தோள்வரை போனது.
அடி தட்டுப்படவில்லை.
புதுத் தகர மணத்துக்குள்ளிருந்து
என் மூச்சே எனக்குத் திரும்பக் கேட்டது.

மறுகா, முன்வாயின் முன்னால் குந்தினேன்.
எனக்கென்றே அளந்து செய்தது மாதிரி.
வட்டக் கண்ணாடியில் என் முகம்.
மீன் கழுவும் கல்,
மகளின் சப்பாத்து,
கட்டிலுக்கடியில் உருண்ட மாத்திரை,
எல்லாவற்றின் முன்னாலும் குந்தியிருக்கும்
அதே முகம்.

பின்னால் புவிராசா சொன்னார்:
"இதுதான்கா உனக்குத் தோது.
என்னால இதுக்குள்ள குனிய ஏலா."

அப்போதுதான் என் கணக்கு
மற்றப் பக்கம் கிறுகியது.

எழும்பிச் சீலை மடிப்பைத் தட்டினேன்.
"தம்பி, மேல்வாய எழுதுங்க."

"கை எட்டல்லையே மிஸ்?"

"எட்டாது.
அதாலதான்."

விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.
பற்றுச்சீட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு
கார்பன் தாளைத் தலைகீழாகச் சொருகினான்.

*

ஞாயிற்றுக்கிழமை. கச்சான் காற்று
கொடியில் கிடப்பதையெல்லாம் இழுத்துப் பார்க்கிறது.
கிணற்றடித் தகரத்தின் கீழ்
மெஷின் நின்ற இடத்தில் நிற்காமல் துள்ளுகிறது.
முதல் கிழமை, மகளின் வெள்ளைச் சட்டை
அவருடைய சாரத்தின் நீலத்தைக் குடித்துவிட்டது.
வாத்தியார் குறிப்பு எழுதி அனுப்பினார்.
கையெழுத்து வைக்கச் சொல்லி
அவரிடமே கொடுத்தேன்.

இப்போது பிரித்துப் போடுகிறார்.
பொக்கற்றுக்குள் கை விட்டுப் பார்க்கிறார்.
நெட்டையாய், நேராய் நின்று
ஒவ்வொன்றாக எடுத்து உதறுகிறார்.
அவர் கட்டிய கொடி என்பதால்
அதுவும் எனக்கு எட்டாது.

கடைசியில் என் லேஞ்சி மட்டும்
அடியில் அப்பிக் கிடக்கிறது.
"இஞ்ச வாகா, இத எடு" என்று கூப்பிடுகிறார்.

வாங்கில் இருந்தபடியே
தேத்தண்ணிக் கோப்பையை மற்றக் கைக்கு மாற்றி
என் கையின் நீளத்தை
அவருக்குத் தூக்கிக் காட்டுகிறேன்.